நிழலுக்கு அசையாத மீன்கள்

மீன் ஏன் மீனைத் தின்ன வேண்டும் என்ற கேள்வி எனக்கு வகுப்பறையில் தோன்றவில்லை, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் தோன்றியது. மீன் தீவனத் தொழிற்சாலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். அன்று முழுக்க குடோனில் மீன் தூள் மூட்டைகளைக் குத்திக் குத்தி சாம்பிள் எடுத்திருந்தேன். குளித்து, உடை மாற்றி, சென்ட் வேறு அடித்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். கவரைப்பேட்டையில் ஏறிய ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார், மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார், எழுந்துபோய் வாசலோரம் நின்றுகொண்டார். அங்கிருந்தவரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "கருவாட்டுக் கூடைய எட்தாந்து லேடீஸ்ல குந்திகினு கீது பாரு."

கூடையே இல்லை. நான்தான் கூடை.

பொன்னேரி வருவதற்குள் கோபம் போய் யோசனை வந்துவிட்டது. கடலில் பொடி மீனைப் பிடித்து, காயவைத்து, அரைத்து, லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து, இன்னொரு மீனுக்கு ஊட்டுகிறோம். அந்தப் பொடி மீனை மனுஷனே சாப்பிடலாமே? நாங்கள் வளர்க்கிற ஜிலேபி மீனோ பாதி சைவம். குளத்தில் விட்டால் பாசியை மேய்ந்துகொண்டு கிடக்கும். சோயா பிண்ணாக்கு, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் போதாதா? கையில் இருந்த பிஸ்கட் உறையைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் முதல் கலவையை எழுதினேன். மீஞ்சூரில் இறங்க வேண்டியவள், இறங்க மறந்து அத்திப்பட்டு வரை போய்விட்டேன்.

இப்போது எனக்கு முப்பத்திமூன்று வயது. ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். தொழிற்சாலை கைமாறியது, புதிதாக வந்தவர்கள் இறால் தீவனம் மட்டும்தான் செய்வார்களாம், மீன் தீவனப் பிரிவில் இருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டினார்கள். எனக்கு விருப்பம் இருந்ததா என்பது வேறு கதை. கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருஷம் முடிந்தது. அதற்குப் பிறகு என் ஜூனியர் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் நச்சரிக்கிறார்கள்: "அக்கா, கடம்பத்தூர் கேஸை முழுசா எழுதுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தர் பேய்னே சொல்றார்."

பேய் இல்லை. ஆனால் பேய் என்று சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

முதலில் ஷகீலா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரக்கட்டுப்பாட்டுக்கு அவர்தான் தலைமை. பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்கிற குடும்பம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தச் சரக்கையும் "நல்லா இருக்கு" என்று சொல்லவும் கேட்டதில்லை. "இப்போதைக்குக் குறை தெரியல" என்பதுதான் அவருடைய அதிகபட்சப் பாராட்டு. எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது. நான் எதையாவது செய்து முடித்த கையோடு கைதட்டல் எதிர்பார்க்கிற ஆள்.

சோயா லாரி வந்தால் அவர் செய்வது இதுதான். மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்த பிண்ணாக்குத் தூளை ஒரு வெள்ளைத் தட்டில் மெல்லப் பரப்புவார். யூரியா கலந்த மஞ்சள் திரவம் ஒன்றை ஊற்றி நனைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்பார். பேச்சு கிடையாது. அந்த ஐந்து நிமிஷத்துக்குள் தட்டில் எங்கிருந்தோ சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது மாதிரி ஒன்று, இரண்டு, பிறகு ஐந்தாறு. தட்டு முழுக்கச் சிவந்தால் சோயா சரியாக வேகவில்லை. அதைத் தின்கிற மீனுக்குச் செரிக்காது. புள்ளியே வராவிட்டால் அதிகமாக வெந்து கருகிவிட்டது, சத்து போயிற்று. அங்கங்கே சில புள்ளிகள் வந்தால்தான் லாரி உள்ளே போகும். முதல் முறை ஒரு புள்ளிகூட வராத தட்டைப் பார்த்து நான் "சூப்பர் மேடம், சுத்தமா இருக்கு" என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்னுமே தெரியலன்னா அதுதாம்மா பயம்" என்றார்.

இன்னொரு பழக்கம். ஒவ்வொரு உற்பத்தியிலும் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையத் தீவனம் எடுத்து, லேபிள் ஒட்டி, அலமாரியில் வைப்பார். விற்ற சரக்கை மீன்கள் தின்று முடிக்கும்வரை அந்தப் பாட்டில் அங்கேயே இருக்கும். ஒரு சுவர் முழுக்கப் பாட்டில்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் தனியாக உட்கார்ந்தால், அத்தனை பாட்டிலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். "இன்னாத்துக்கு மேடம் இத்தினி?" என்று விற்பனைப் பிரிவு பாலாஜி கேட்டான். ஆரம்பாக்கம் பையன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான். "நாளைக்கு யாராவது வந்து கேட்டா, அவங்களுக்கு பதில் சொல்ல" என்றார் மேடம். "யாரு நைனா வரப்போறா, மீனா?" என்று பாலாஜி சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

என் பிஸ்கட் உறைக் கலவை உருப்பட நான்கு வருஷம் பிடித்தது. மேடம் தடுக்கவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை. மீன் தூள் அறவே இல்லாத தீவனம். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு மண் குளங்கள் உண்டு, சோதனைக்கென்றே. தண்ணீர் நல்ல பச்சை. அதில் ஜிலேபிக் குஞ்சு விட்டு, ஒன்றில் பழைய தீவனமும் இன்னொன்றில் என்னுடையதும் போட்டோம். வாரா வாரம் வலை போட்டு எடை பார்த்தோம். என் மீன்கள் ஒரு கிராம்கூடப் பின்தங்கவில்லை. தீவனத்தைத் தூவியதும் குளத்தில் எழுகிற சத்தம் இருக்கிறதே, தகரக் கூரைமேல் மழை விழுகிற மாதிரி, அதைக் கேட்கவே நாளுக்கு நாலு தடவை போவேன். கடைசி அறிக்கையை மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் குறை தெரியல" என்றார். அன்றைக்கு எனக்கு அது பட்டமளிப்பு விழா.

தீவனம் ஐந்து பண்ணைகளுக்குப் போனது. நான்கிலிருந்து நல்ல சேதி. ஐந்தாவது பண்ணை கடம்பத்தூர் பக்கம்; எஸ்தர் என்கிற அக்காவுடையது. கணவருக்குத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, மீன் முழுக்க அக்கா பொறுப்பு. பழைய செங்கல் சூளை இருந்த மேட்டில் தொட்டி கட்டி, தார்ப்பாய் விரித்து, போர் தண்ணீர் விட்டு வளர்த்தார். மூன்றாம் மாதம் ஒரு போன்.

"மேடம், எம்மீனுங்க என்னைப் பாக்க மாட்டேங்குது."

"சாப்பிடலையா அக்கா?"

"சாப்புட வருது. ஆனா என்னைப் பாக்க மாட்டேங்குது. நீ வந்து பாரு. போன்ல சொன்னா நான் லூசுன்னுவ."

மறுநாள் காலை மீஞ்சூரில் ஏறி, சென்ட்ரலில் மாறி, கடம்பத்தூரில் இறங்கும்போது நட்ட நடுப்பகல். சித்திரை வெயில். சூளை மேட்டில் ஒரு மரம் கிடையாது. தொட்டியின் விளிம்பு என் இடுப்புயரம். எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் தார்ப்பாயின் தையல்கூடத் தெரிந்தது. அந்தத் தெளிவில் மீன்கள் கறுப்பாக நின்றன. ஜிலேபி சாம்பல் நிறம், வெயிலில் லேசாகப் பளபளக்கும். இவை அடுப்புக் கரி. நூற்றுக்கணக்கில், ஒன்றை ஒன்று தொடாமல், நடுவாந்தரத்தில் அப்படியே நின்றன. நான் கையை நீட்டினேன். என் கையின் நிழல் அவற்றின் முதுகுமேல் ஊர்ந்தது. எந்தக் குளத்திலும் நிழல் பட்டால் மீன் சிதறி ஓடும். பருந்துக்குப் பயந்த உடம்பு அது. இங்கே ஒன்றுகூட அசையவில்லை. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நிழல் மட்டும் தனியாக நீந்தியது.

அப்போது எஸ்தர் அக்கா பின்னால் இருந்து நடந்து வந்தார். செருப்புச் சத்தம்தான். அத்தனை மீனும் ஒரே நொடியில் அந்தப் பக்கம் திரும்பின.

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"பாத்தியா?" என்றார் அக்கா, மெதுவாக, ஏதோ தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல. "முன்னெல்லாம் சிவப்பு நைட்டி போட்டுகினு வந்தா தூரத்துலயே கண்டுபுட்ச்சி ஓடியாரும். இப்போ இன்னா போட்டாலும் ஒன்னுதான். காலடி கேட்டாதான் திரும்புது. இப்போ பாரு."

வாளியில் இருந்து ஒரு பிடி தீவனத்தைத் தூவினார். அது எதிர்ப்பக்கம் விழுந்து, காற்றுக்கு மிதந்து போயிற்று. மீன்கள் மேலே வந்தன. தீவனம் இல்லாத இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. நூறு வாய்கள். மழைச் சத்தம் இல்லை. ஈர உதடு பிரிகிற சின்னச் சத்தம் மட்டும், ப்ச், ப்ச் என்று, தொட்டி முழுக்க.

"பக்கத்தூட்டுக்காரி இன்னா சொல்றா தெரியுமா? சூளை நெருப்புல செத்த எவனோ இதுங்க கண்ணு வழியா பாக்குறானாம். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. ஊட்டுக்காரரு தொட்டிய மண்ணு போட்டு மூடிடலாங்கிறாரு. ஞாயித்துக்கிழமை ஜேசிபி சொல்லிகீறாரு. அந்தாண்ட இன்னொரு தொட்டி கீது, ஒரு மாசம் பின்னாடி வுட்ட குஞ்சு. அதையும் சேத்துத்தான்." கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "நான் எதுனா தப்பு பண்ணேனா மேடம்? அத மட்டும் சொல்லு."

அன்றைக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தண்ணீரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. செவுளைப் பார்த்தேன், நல்ல சிவப்பு. உடம்பில் புண் இல்லை, புழு இல்லை. ஒரு மீனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவந்தபோதுதான் கண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் வெள்ளை. சுண்ணாம்பு தடவியது போல. "வைரஸா இருக்கும்க்கா. போர் தண்ணி ஏதாவது..." என்று இழுத்தேன். என் தீவனம் என்ற எண்ணம் என் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா என்னை இரண்டாவது தொட்டிக்குக் கூட்டிப்போனார். அதில் நிழல் விழுந்தபோது பாதி மீன்கள் ஓடின. பாதி தயங்கி நின்றன.

நான்கு மீன்களை ஐஸில் வைத்துக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோனேன். பாலாஜி தெர்மாக்கோல் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். "மேடம், குளம் சரியில்லன்னு எழுதிடுங்க. நாலு பண்ணையில நல்லா கீது, ஒன்னுல இல்லன்னா தப்பு யாரு மேல? வீணா பேஜாரு பண்ணிக்காதீங்க." நியாயமாகத்தான் பட்டது.

ஷகீலா மேடம் கையுறை போட்டார். எங்கள் சோதனைக் குளத்தில் இருந்து ஒரு மீனை வரவழைத்தார். அதன் கண்ணைச் சின்னக் கத்தியால் கீறி, உள்ளிருந்த லென்ஸை எடுத்து ஒரு பாட்டில் லேபிளின் மேல் வைத்தார். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சின்னது, கண்ணாடி மணி. அதற்கு அடியில் இருந்த எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. தேதியைப் படிக்க முடிந்தது. பிறகு கடம்பத்தூர் மீனின் லென்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வேகவைத்த முட்டையின் வெள்ளை. அடியில் ஒரு எழுத்தும் இல்லை.

"கண்புரை" என்றார். "பாக்க முடியாத மீன், இருட்டுல இருக்கறதா நெனச்சிக்கும். இருட்டுக்கு ஏத்த மாதிரி உடம்பைக் கறுப்பாக்கிக்கும். அதான் கறுத்திருக்கு."

அந்தச் சித்திரை வெயிலில், அவ்வளவு தெளிந்த தண்ணீரில், நடுராத்திரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நின்ற நூற்றுக்கணக்கான உயிர்கள்.

"நம்ம குளத்து மீன் என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார் மேடம்.

"என் தீவனம் மேடம்."

"அது மட்டுமா?"

ஜன்னல் வழியே பின்பக்கக் குளத்தைப் பார்த்தேன்.

பச்சைத் தண்ணீர். பாசி, புழு, பூச்சி, சேறு. எங்கள் மீன்கள் என் தீவனத்தையும் தின்று, குளத்தையும் தின்றிருந்தன. மற்ற நான்கு பண்ணைகளும் மண் குளங்கள்தான். எஸ்தர் அக்கா மட்டும் தார்ப்பாயை வாரா வாரம் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் மாற்றி, வீட்டுப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார். அங்கே மீன்களுக்கு நான் கொடுத்ததைத் தவிர வேறு எதுவுமே இல்லை. மீன் தூளை எடுத்தபோது, அதில் இருந்த முள்ளையும் எலும்பையும் சேர்த்துத்தான் எடுத்தேன். அதோடு துத்தநாகம் போய்விட்டது; அது குறைந்தால் மீனின் கண்ணில் புரை விழும். மீன் தூளுக்குப் பதிலாக நான் கொட்டிய தவிட்டிலும் சோயாவிலும் ஃபைட்டேட் என்று ஒன்று உண்டு. மிச்சம் இருக்கிற துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மீனுக்கு விடாது. தாது உப்பின் அளவை நான் கூட்டவே இல்லை. கூட்ட வேண்டும் என்று பாடத்தில் படித்தவள், பரீட்சையில் எழுதியவள். குளத்தில் மீன் நன்றாக வளர்ந்தது, மறந்துவிட்டேன். சுத்தமாக வைத்திருந்த ஒரே பண்ணையில்தான் என் தப்பு தெரிந்தது.

மேடம் அலமாரிக்குப் போய், கடம்பத்தூர் போன சரக்கின் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். "சோதனைக்கு அனுப்பு. அறிக்கைய நீயே எழுது. நானும் குறை தெரியலன்னு சொன்னவதான், ரெண்டு கையெழுத்தா போகட்டும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜேசிபிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். எஸ்தர் அக்காவும் அவர் கணவரும் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: தண்ணீரில் தப்பில்லை, சூளையில் தப்பில்லை, உங்கள் கையில் தப்பில்லை, தீவனத்தில் தப்பு, அதைச் செய்தவள் நான்.

அக்கா தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "ஒரு மாசமா இதுங்களுக்கு ஜெபம் பண்ணிகினு கீறேன்" என்றார். "உனுக்குப் பண்ணிருக்கணும் போல." அவர் கணவர் ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இருய்யா, அது ஒத்துகினு வந்து நிக்குது இல்ல" என்று அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒன்னு சொல்றேன் கேட்டுக்கோ. வைரஸுன்ன பாரு, அன்னிக்கு ராவெல்லாம் நான் தூங்கல. தொட்டியத் தொட்ட கையால புள்ளைக்குச் சோறு ஊட்டினேனேன்னு."

ஜேசிபி வந்ததும் அக்காவே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தொட்டிகளை மூடவில்லை. முதல் தொட்டி திரும்பாது, வெந்த முட்டை பச்சையாகாது. இரண்டாவது தொட்டிக்கு அன்றே தீவனத்தை மாற்றினோம், துத்தநாகம் கூட்டியது. வாரா வாரம் போய்க் கையை நீட்டி நின்றேன். மேலும் எதுவும் கறுக்கவில்லை. ஓடியவை ஓடிக்கொண்டே இருந்தன, கறுத்தவை கறுத்தவைதான். மற்ற நான்கு பண்ணைகளுக்கும் அறிக்கை போயிற்று, சரக்கு திரும்பி வந்தது. பாலாஜி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே வந்து, "மேடம், கண்ணு டெஸ்ட் பண்ணிகினீங்களா?" என்று கிண்டலடித்துச் சமாதானமானான்.

கறுப்பு மீனை எவரும் வாங்கவில்லை. அக்கா அவற்றை அப்படியே வைத்திருக்கிறார். மூழ்குகிற தீவனமாக, ஒரே மூலையில், தட்டைத் தட்டிவிட்டுப் போடுகிறார். சத்தத்துக்கு வந்து தடவித் தடவித் தின்கின்றன. போன வாரம் ஓய்வுப் பணம், கடிதம் எல்லாம் முடிந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தொட்டியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். அத்தனை மீனும் தொட்டியின் எங்கள் பக்கச் சுவரை ஒட்டி வந்து நின்றிருந்தன, வெள்ளைக் கண்களோடு, சத்தமே இல்லாமல்.

"உங்குரலும் பழகிடுச்சு இதுங்களுக்கு" என்றார் அக்கா.

நான் என் யோசனையைச் சொன்னேன். செடியில் இருந்தே தீவனம் செய்ய முடியும் என்பதை நான் இன்னும் விடவில்லை. தவிட்டையும் சோயாவையும் புளிக்கவைத்தால் ஃபைட்டேட்டின் பிடி தளரும். துத்தநாகத்தை அதற்கு மேல் அளந்து சேர்க்க வேண்டும். சோதனையை மண் குளத்தில் செய்யக் கூடாது. பாசி இல்லாத, புழு இல்லாத, ஒளிந்துகொள்ள இடமே இல்லாத தண்ணீரில் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட தொட்டி எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் அக்காவிடம்தான் உண்டு. ஷகீலா மேடத்திடம் போனில் சொன்னபோது, "முதல் நாளே ஒரு பாட்டில் எடுத்து வச்சிடு" என்றார்.

அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து யோசித்தார்.

"அந்தாண்ட மூணாவது தொட்டி காலியாத்தான் கீது. கழுவித் தரேன். ஆனா தீனிய நான் தொட மாட்டேன். வேளா வேளைக்கு நீதான் வந்து போடணும். மீஞ்சூர்ல குந்திகினு போன்ல கேக்கறது இல்ல. தெனமும் நீயே கண்ணப் பாக்கணும். ஒன்னு கறுத்தாலும் எங்கிட்ட வந்து, என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

சரி என்றேன். கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு அறை பார்த்திருக்கிறேன். நாற்பது கிலோ தவிடு மூன்று டிரம்மில் புளித்துக்கொண்டிருக்கிறது. அறை முழுக்க மோர் நாற்றம். வியாழக்கிழமை குஞ்சுகள் வருகின்றன.